விரல் பலகையின் நிழலில்

பழைய டபுள் பாஸ் ஒன்று பட்டறைக்கு வந்து சேர்ந்தால், அலோயிஸ் குபாட் மூன்று நாள் அதன்மேல் கருவி வைக்கமாட்டார். வடக்குச் சன்னலின் கீழே கம்பளியை விரித்து, ஆள் உயரத்தை மிஞ்சும் அந்த வாத்தியத்தைப் பக்கவாட்டில் கிடத்துவார். எதிரே முக்காலியைப் போட்டுக்கொண்டு அமர்வார். கம்பு ரொட்டியில் பன்றிக் கொழுப்பைத் தடவி, வெங்காயத்தை அரிந்து வைத்துத் தின்றபடியே அதன் வார்னிஷைப் பார்த்துக்கொண்டிருப்பார். காலை வெளிச்சத்தில் ஒரு முறை, நடுப்பகலில் ஒரு முறை, விளக்கேற்றும் நேரத்தில் ஒரு முறை. மூன்றாம் நாள் மாலை ஒரு சவரக் கண்ணாடியையும் மெழுகுவத்தியையும் எடுத்து வருவார். தந்திகளுக்கு அடியில் நீளும் கரிய விரல் பலகைக்கும் வாத்தியத்தின் மேல்பலகைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி உண்டு. அதற்குள் கண்ணாடியைச் செருகி, அந்த நிழலில் பதுங்கியிருக்கும் வார்னிஷைப் பார்ப்பார். வெயில் படாத, வியர்வை படாத, வாசிப்பவரின் சட்டைக்கை உரசாத ஒரே இடம் அதுதான். அந்த இடத்தில் வாத்தியம் பொய் சொல்லாது என்பது அவருடைய முடிவு. நான்காம் நாள் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, நின்றபடியே தீர்ப்புச் சொல்வார். சொன்ன தீர்ப்பை அவர் மாற்றியதாக எங்கள் மேட்டுநிலத்தில் எவருக்கும் நினைவில்லை.

அப்படிச் சொன்ன தீர்ப்புகளில் ஒன்று யாரோமிர் லிஷ்காவை வீழ்த்தியது.

அது 1924இல் நடந்தது. எங்கள் மாதா கோயில் இசைக்குழுவின் டபுள் பாஸ் நூற்றைம்பது வயதைக் கடந்தது. மெழுகுவத்திப் புகை ஏறி ஏறி அடுப்புச் சட்டிபோலக் கறுத்துக் கிடந்தது. அதன் விலாப் பலகைகளில் விட்டிருந்த விரிசல்களை ஒட்டுவதற்காக, ஒரு குளிர்காலம் முழுக்க லிஷ்காவின் வீட்டில் இருந்தது. அவரும் குபாட்டும் ஒரே பட்டறையில் ஒன்பது ஆண்டு ஒரே மேசையில் வேலை செய்தவர்கள். வசந்தத்தில் வாத்தியம் திரும்பியபோது கோயிலே வாய் பிளந்தது. கறுப்பு போய், பழுத்த செர்ரிப் பழத்தின் நிறம் வந்திருந்தது. அழுக்கைத்தான் துடைத்தேன் என்றார் லிஷ்கா. ஆனால் குபாட் மூன்று நாள் பார்த்துவிட்டு நான்காம் நாள் கோயிலின் பீடப் படியில், எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்றார். விரல் பலகையின் நிழலில் இருப்பது பொன்னிற வார்னிஷ், அதுவே அசல். மற்ற இடமெல்லாம் செம்பழுப்பு. ஆகவே கடைசியாகக் கையில் வைத்திருந்தவர் அசல் வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு, மலிவுச் சரக்கைப் பூசி, அதை மறைக்கிறார் என்றார். நிழலுக்குள் கைவிட்டுச் சுரண்ட முடியாததால் அங்கே மட்டும் உண்மை தப்பியது என்றும் விளக்கினார்.

லிஷ்கா ஒன்றே ஒன்று கேட்டார். மேல்பலகையைக் கழற்றி உள்ளே பார்க்கலாம் என்றார். வார்னிஷைப் பார்ப்பதற்கு வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை என்று குபாட் மறுத்துவிட்டார். சுற்றியுள்ள ஆறு கோயில்களுக்கும் அவரே கைப்படக் கடிதம் எழுதினார். அதன்பின் லிஷ்காவிடம் ஒரு வயலினைக்கூட எவரும் கொடுக்கவில்லை. பழைய வார்னிஷைச் சுரண்டியவன் என்ற பேர், எங்கள் தொழிலில், பிணத்தின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றியவன் என்பதற்கு ஒப்பானது. அவர் ஆற்றுக்கு அப்பாலிருந்த மரவாடியில் சன்னல் சட்டம் செய்யும் வேலைக்குப் போனார். பதினோரு ஆண்டுகள் போயின.

1935 சனவரியில் கோயிலுக்குப் புதிய அடுப்பு வந்தது. குளிரில் பழகிய மரம் திடீர்ச் சூட்டைத் தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டின் நடுவில், டபுள் பாஸின் மேல்பலகை துப்பாக்கி வெடித்ததுபோல ஒலித்துப் பிளந்தது. அதை வாசிப்பவர் ரொட்டிக்கடை ரூஜெனா. வெளுத்த கைகளும் உரத்த குரலும் கொண்ட விதவை. மறுநாளே தன் ரொட்டி வண்டியில் அதைப் படுக்கவைத்து, மாவுச் சாக்குகளால் போர்த்திக் குபாட்டின் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

குபாட் வழக்கம்போலக் கம்பளியை விரித்தார். ரூஜெனா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"மூணு நாள் மொறச்சுப் பாத்தா விரிசல் தானா ஒட்டிக்குமா மாஸ்டர்?"

"உன் ரொட்டி வேகறவரைக்கும் நீ அடுப்பைப் பாக்கறதில்லையா?"

"பாக்கறேன். ஆனா கதவைத் தொறந்துல்ல பாக்கறேன்." ரூஜெனா குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தடவை தொறந்துதான ஆகணும். தொறக்கும்போது லிஷ்கா சொன்னதையும் கொஞ்சம் பாருங்க. அவரு சன்னலுக்குச் சட்டம் அடிக்கிறதப் பாத்தா எனக்கு மனசு கேக்கல."

பார்த்தாகிவிட்டது, தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது என்பதாகக் குபாட் கையை மட்டும் அசைத்தார்.

நான்காம் நாள் மேல்பலகையைக் கழற்றினார். மெல்லிய கத்தியை ஓரத்து இணைப்பில் செலுத்தி, சுற்றிலும் வஜ்ஜிரப் பசையைச் சிறிது சிறிதாக விடுவிக்கும் வேலை அது. அவசரப்பட்டால் மரம் பிய்ந்து வரும். நண்பகலுக்குச் சற்று முன்னால் கடைசிப் பசை விட்டது. பலகையை இரு கைகளாலும் தூக்கி, திருப்பி, மேசைமேல் மல்லாத்தினார்.

உட்பக்கத்தின் மேல் நடுவில், சரியாக விரல் பலகை இருக்கும் இடத்துக்குப் பின்புறம், ஒரு சாண் அகலத்துக்குப் பழைய நூல்துணி ஒட்டியிருந்தது. பலகைக்கு வலுவூட்ட அந்தக் காலத்தில் அப்படி ஒட்டுவது உண்டு. துணி நைந்து ஓரம் கிளம்பியிருந்தது. எப்படியும் எடுத்தாக வேண்டியதுதான். வெந்நீரில் நனைத்த பஞ்சை அதன்மேல் வைத்துக் காத்திருந்து, ஒரு முனையைப் பிடித்து மெல்ல உரித்தார்.

துணிக்கு அடியில் மரத்தின் நிறம் மாறியது. சுற்றிலும் புகையிலைபோலப் பழுத்த மரம். நடுவில் மட்டும் வெளிறிய, இளைய மரம். இரண்டுக்கும் இடையே மரத்தின் ரேகையை ஒட்டியே ஓடிய இரண்டு கோடுகள். அது ஒட்டு. எப்போதோ வாத்தியத்தின் கழுத்து முறிந்து உள்வாங்கியபோது, பிய்ந்த பகுதியை வெட்டியெடுத்துவிட்டுப் புதிய மரத்தைப் பதித்திருக்கிறார்கள்.

குபாட் பலகையை மறுபக்கம் திருப்பினார். சன்னலருகே கொண்டுபோனார். செம்பழுப்பின் நடுவே பொன்னிறப் பட்டை. அதன் விளிம்பில் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தார். பதினோரு ஆண்டுக்கு முன்னர் கண்ணாடியில் தெரியாத மயிரிழைக் கோடு, இப்போது நகத்துக்குத் தெரிந்தது. பொன்னிறம் எங்கே தொடங்கியதோ, ஒட்டு மரமும் அங்கேயே தொடங்கியது. பொன்னிறம் முடிந்த இடத்தில் அதுவும் முடிந்தது.

அசல் என்று அவர் சொன்ன வார்னிஷ், ஒட்டின்மேல் பூசிய வார்னிஷ். மலிவுச் சரக்கு என்று அவர் சொன்ன செம்பழுப்புத்தான் வாத்தியத்தைச் செய்தவரின் கை. லிஷ்கா அழுக்கைத்தான் துடைத்திருக்கிறார்.

மனிதர் தவறை உணர்ந்த முதல் நொடியில் தம்மை நொந்துகொள்வதில்லை; வேறு ஒருவரைத் தேடுகிறார். குபாட்டும் தேடினார். யார் இந்த ஒட்டைப் போட்டவன்? மூட்டு தெரியாத அளவுக்கு அருமையாகப் பதித்துவிட்டு, நிறத்தை மட்டும் ஏன் சேர்க்காமல் விட்டான்? மறைகிற இடந்தானே என்ற சோம்பல். அந்தச் சோம்பேறி ஒருவனால் ஒரு குடும்பத்தின் பிழைப்பே போய்விட்டதே என்று வாய்விட்டுத் திட்டினார். வாத்தியத்தைத் திறப்பவர் உள்ளே பென்சிலால் பேரும் தேதியும் எழுதிவைப்பது எங்கள் தொழிலின் வழக்கம். அவன் பேரைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்ற கோபத்தோடு பலகையை மீண்டும் மல்லாத்தி, வெளிறிய மரத்தில் ஒட்டியிருந்த பசையை ஈரத் துணியால் துடைத்தார். மூன்று வரி மேலெழுந்து வந்தது. எழுத்து நிதானமானது, பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கியவனின் எழுத்து.

"பிராக், 1891 மார்ச். விறகு இல்லை, பசை உறைகிறது. மறைவான இடம், நிறம் எப்படியிருந்தாலும் போதும் என்றார் முதலாளி. அ. குபாட், பயிற்சி ஆள்."

அவர் அதை மூன்று முறை வாசித்தார். கையிலிருந்த ஈரத்துணி தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போது அவருக்குப் பதினேழு வயது; பிராக் நகரத்துப் பட்டறை ஒன்றில் பயிற்சி. பயிற்சிக்கு வருபவனிடம் எவரும் முழு வாத்தியத்தைத் தருவதில்லை. கழற்றிய பலகையைத் தருவார்கள்; ஒட்டு முடிந்ததும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் குளிர்காலத்தில் முப்பது நாற்பது பலகைகள் அவர் கை வழியே போயின. எது எந்த ஊருக்குப் போனது என்று அவருக்குத் தெரியாது. குங்குமப்பூவும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய அந்தப் பொன்னிறம் மட்டும் லேசான மணத்தோடு நினைவுக்கு வந்தது. தன் கையால் பூசியதையே நூற்றைம்பது ஆண்டுப் பழமை என்று சத்தியம் செய்து, அதைக் கொண்டே நண்பனைக் குற்றவாளியாக்கியிருந்தார்.

சாப்பாட்டுக்கு வராததால் அவருடைய மனைவி பிளாஷெனா பட்டறைக்குள் வந்தார். குபாட் முக்காலியில் அமர்ந்திருந்தார். வலது கையில் சீவுளி இருந்தது. தாள் கனத்துக்கு ஒரே ஒரு இழை சீவினால் அந்த மூன்று வரியும் சுருளாகத் தரையில் விழுந்துவிடும். அந்தக் கருவியை எப்போது எடுத்தோம் என்பது அவருக்கே தெரியவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார்.

பிளாஷெனா குனிந்து எழுத்தை வாசித்தார். நிமிர்ந்தபோது கணவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"லிஷ்கா வூட்டுக் கொழந்தைக்கு நான் ஞானத்தாய், அலோயிஸ். பதினோரு வருசமா அந்தப் புள்ள தெருவுல என்னைப் பாத்தா மொகத்தத் திருப்பிக்குது. நானும் நீ சொன்னத நம்பி, களவாணி வூட்டுப் புள்ளைக்கு என்ன திமிருன்னு நெனச்சுக்கிட்டேன்."

சீவுளியைக் கணவரின் விரல்களிலிருந்து விடுவித்து, எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை குபாட் உறைந்த ஆற்றின் பாலத்தைக் கடந்து மரவாடிக்கு நடந்தார். லிஷ்கா சன்னல் சட்டத்துக்குத் துளையிட்டுக்கொண்டிருந்தார். இழைப்பதை நிறுத்திவிட்டு இரண்டு ஆட்கள் பார்த்தார்கள். குபாட் வழி நெடுகத் தயாரித்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் எதுவும் வாயில் வரவில்லை. திறந்தேன், ஒட்டு இருக்கிறது, அதைப் போட்டது நான் என்ற மூன்றை மட்டும் எப்படியோ சொல்லி முடித்தார்.

லிஷ்கா உளியைக் கீழே வைத்தார். வைத்த உளி உருண்டு தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை. பதினோரு ஆண்டாக அவர் எதிர்பார்த்திருந்தது வேறு ஏதோ. எவனோ முன்பின் தெரியாத பழைய ஆளின் தவறு என்று ஒரு நாள் வெளிவரும் என நினைத்திருக்கலாம். இது அவர் கனவிலும் வராதது. பேசத் தொடங்கியபோது, முன்பெல்லாம் சொன்ன 'நீ' இல்லை.

"ஆத்தோர மாவு ஆலைல கழுதை ஒண்ணு இருந்துச்சாம், குபாட் ஐயா. வெள்ளம் எவ்வளவு ஒசரம் வந்துச்சுன்னு யாரு கேட்டாலும், சொவத்துல இருக்கற கறையக் காட்டி, இவ்வளவுன்னு அடிச்சுச் சொல்லுமாம். அந்தக் கறைய வச்சே நாலு பேரு வூட்டை இடிச்சு மேட்டுல கட்டுனாங்களாம். கடைசில பாத்தா அது தெனம் முதுகு சொறிஞ்ச எடம்."

இழைத்துக்கொண்டிருந்த ஆட்களில் ஒருவன் சிரிக்கத் தொடங்கி, குபாட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

"என்ன செய்யச் சொன்னாலும் செய்யறேன், யாரோமிர்."

"என்கிட்ட வந்து சொல்றது சுலபம். எனக்குத்தான் தெரியுமே, நான் சொரண்டலன்னு." லிஷ்கா வேறு ஓர் உளியை எடுத்துக்கொண்டார். "எங்க நின்னு சொன்னீங்களோ, அங்க போயி நில்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எவரும் எழுந்திருக்கக்கூடாது என்று பாதிரியார் கேட்டுக்கொண்டார். குபாட் மேல்பலகையைக் கம்பளியில் சுற்றி எடுத்துவந்திருந்தார். மேல்கோட்டு அணிந்திருந்தார். அன்று தீர்ப்புச் சொன்ன அதே படியில் நின்று, பலகையின் உட்பக்கத்தை மக்களுக்குக் காட்டி, பென்சில் எழுத்தை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை வாசித்தார். தம் பேரையும் வாசித்தார். பின்வரிசையிலிருந்த காது மந்தமான கொல்லருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை உரக்க வாசிக்க வேண்டியிருந்தது.

"பொன்னெறம் அசல்னு சொன்னேன். அது நான் பூசினது. லிஷ்கா சொரண்டினாருன்னு சொன்னேன். அவரு அழுக்கைத்தான் தொடச்சாரு. தொறந்து பாருங்கன்னு கேட்டாரு, நான் மாட்டேன்னேன். அதுதான் பெரிய தப்பு."

பதினோரு ஆண்டாக அந்தப் பேச்சை ரொட்டியோடும் பீரோடும் சேர்த்து விழுங்கியவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. லிஷ்காவின் பிள்ளைகளைத் தம் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட விடாத தையற்காரி, மடியிலிருந்த கையுறையை மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். ரூஜெனா கையால் வாயைப் பொத்தியிருந்தார். லிஷ்கா சுரண்டியிருக்கமாட்டார் என்று இத்தனை நாள் சொல்லிவந்த அவருக்கே அதிர்ச்சி அதிகமாக இருந்தது.

கதவோரம் நின்ற ஒருவர் நடுப்பாதையில் நடந்து வந்தார். மரத்தூள் படிந்த காலணி. லிஷ்கா கோயிலுக்குள் கால் வைத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. குபாட் பலகையை அவரிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி, சன்னல் பக்கம் சாய்த்து, பொன்னிறப் பட்டையின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். வெகு நேரம் ஓட்டினார். அவருடைய கண்கள் நிறைந்திருந்தன. குரலில் அது தெரியவில்லை.

"மூட்டு சுத்தம். பதினேழு வயசுப் பையன் போட்டதுன்னு யாரும் நம்ப மாட்டான். நெறந்தான் கேவலம்."

எவரும் சிரிக்கவில்லை. சிரிப்பதா வேண்டாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"இந்த விரிசல் வேலைய நீ செஞ்சு குடுப்பியா, யாரோமிர்?" என்றார் குபாட். "நான் கூடமாட நிக்கறேன். பசை காச்சறேன்."

"அது அப்புறம். மொதல்ல கடுதாசி எழுதுன ஆறு கோயிலு இருக்கே."

"ஆறுக்கும் திருப்பி எழுதிட்டேன்."

"கடுதாசிய யாரு படிக்கிறா? நேர்ல போ."

குபாட் தலையசைத்தார். லிஷ்கா பலகையைக் கம்பளியில் பத்திரமாகச் சுற்றி, மீண்டும் அவர் கையில் கொடுக்காமல் தம் கக்கத்திலேயே இடுக்கிக்கொண்டார்.

"நானும் வரேன். எங்கயாவது ஒரு வரிய முழுங்கிட்டின்னா யாரு கண்டுபுடிக்கிறது."

அடுத்த ஞாயிறு, ரூஜெனாவின் ரொட்டி வண்டி பனிச்சேற்றில் ஆட்டங்கண்டு மலையடிவாரத்துக் கோயிலுக்கு இரண்டு பேரையும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே குபாட்டைத் தெரிந்தவர்கள் பாதிப்பேர்தான். படியேறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. லிஷ்கா பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். குபாட் தொப்பியைக் கழற்றிவிட்டு, தம் பேரைச் சொல்லி, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.